நான்கு வருட சிபாப்: மூக்கின் கதை மட்டும்

நண்பனுக்குத் தூக்கப் பரிசோதனை முடிந்து சிபாப் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க, மாஸ்க் வழியே காற்றைத் தள்ளும் மெஷின் அது. “நாலு வருஷமா போடுறியே, எப்படிடா இருக்கு?” என்று போனில் கேட்டான். என் குறட்டை நின்றது அவனுக்கே தெரியும். அதனால் மூக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதல் ஆறு மாதம் மூக்கு பாடாய்ப் படுத்தியது. மாஸ்க்கை மாட்டும்போது ஒன்றும் இருக்காது. மூன்று மணி வாக்கில் இரண்டு பக்கமும் அடைத்து எழுப்பிவிடும். காலையில் அடுக்குத் தும்மல், தண்ணீராய் ஒழுகல். சில நாள் சிந்தினால் ரத்தப் பொருக்கு வரும். விற்றவர் “சென்னைக் காத்தே ஈரம்தானே சார்” என்று, காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் இல்லாமல் கொடுத்துவிட்டார். இன்றும் அதை நினைத்தால் ஆத்திரம் வருகிறது. ராத்திரி முழுக்க ஏசி ஓடும் அறையில் ஏது ஈரம்?

காரணத்தைப் புரியவைத்தவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். வெளிவிடும் மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் மூக்கு கொஞ்சம் பிடித்துவைத்து, அடுத்து இழுக்கும் காற்றுக்குக் கொடுக்குமாம். தூக்கத்தில் வாய் திறந்துகொண்டால், மெஷின் மூக்கில் தள்ளும் காற்று வாய் வழியே ஓடிவிடுகிறது. மூக்கு ஈரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது, திரும்ப வருவது குறைவு. உட்சவ்வு உலர்ந்து வீங்குகிறது, மூக்கு அடைக்கிறது. அடைத்தால் வாய் இன்னும் திறக்கிறது. எனக்கு நடந்தது இதேதான்.

அதற்குள் மூக்கடைப்புச் சொட்டு மருந்தை நானாக வாங்கி இரண்டு வாரம் போட்டிருந்தேன். தவறு. ஆக்ஸிமெட்டாசோலின் வகை மருந்தைச் சில நாளுக்கு மேல் போட்டால், நிறுத்தியதும் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். எனக்கும் திரும்பியது.

சூடாக்கும் ஹியூமிடிஃபையர் வாங்கிப் பொருத்திய முதல் வாரத்திலேயே ரத்தப் பொருக்கு நின்றது. வாய் திறக்காமல் பிடிக்கும் தாடைப் பட்டையும் படுக்கும்முன் உப்புநீர் ஸ்பிரேயும் சேர்ந்ததும் மூன்று மணி விழிப்பு போயே போய்விட்டது. விடிந்த பிறகும் இரண்டு பக்கமும் திறந்திருந்த அந்த முதல் நாளில், சும்மா படுத்தபடி மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவு நன்றாக இருந்தது.

அப்புறம் புதுத் தொல்லை. அறை குளிர்ந்தால் டியூபுக்குள் நீர் கோத்து, விடியற்காலையில் சில்லென்று மூக்கில் சொட்டும். டியூபுக்குத் துணியுறை போட்டு, ஏசியை 26-இல் வைத்த பிறகு குறைந்தது. தொட்டியைத் தினமும் கழுவி டிஸ்டில்டு வாட்டர் மாற்ற வேண்டும். இதில் சோம்பல் கூடாது.

போன வாரம் ஜலதோஷம், இரண்டு ராத்திரி போட முடியவில்லை. நான் மூச்சு விடுகிறேனா என்று பார்த்தபடி மனைவி தூங்காமல் உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் அடைத்த மூக்கோடு மாட்டிக்கொண்டேன். அந்த எரிச்சல் இன்னும் போகவில்லை. இன்று கேட்டால், இந்த மெஷினை எனக்குப் பிடிக்கவில்லை என்றுதான் சொல்வேன்.

ஆனாலும் நண்பா, நீ வாங்கு. ஹியூமிடிஃபையர் இல்லாமல் கொடுத்தால் மட்டும் வாங்காதே. கடைக்குப் போகும் நாளைச் சொல், நானும் வருகிறேன்.