மிளகாய் வாசனை இல்லாத கோதுமை மாவு

குழம்புத் தூள் அரைக்கும் மில்லுக்கு மதிப்புரை எதற்கு என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நான் எழுதுவது அங்கே அரைக்கும் கோதுமைக்காக. ஈஸ்ட் போடாமல் வீட்டிலேயே முழுக்கோதுமை ரொட்டி சுடுகிறவர்கள் மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தாயில் அதிகம் இருக்க மாட்டார்கள். (2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரை மாற்றினார்கள், என் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது.) அந்தச் சிலருக்காவது இந்த மில்லைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

கடைவீட்டு வரிசையின் கோடியில் இருக்கிறது. பெயர்ப் பலகை தேவையில்லை, தும்மல் வந்தால் வந்து சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தம். நாட்டிலேயே முதன்முதலாக 1917-இல் வணிக அளவில் செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்ட தென்னமரம் தோட்டம் எங்கள் வட்டாரத்தில்தான் இருக்கிறது. அப்படித் தோட்டங்கள் சூழ்ந்த ஊரில் மில்லுக்குப் பிழைப்பு வறுத்த மல்லியும் மிளகாயும் சீரகமும்தான். தீபாவளி நெருங்கினால் வாசலில் தகர டின்கள் வரிசை பிடித்து நிற்கும், ஆட்கள் எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். கோதுமையோடு வருகிற ஆளை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள்.

உள்ளே இரண்டு இயந்திரங்கள். பெரியது மசாலாவுக்கு, சிறியது அரிசி, கேழ்வரகு, கோதுமைக்கு. ஆனால் கூட்டமான நாளில் சிறியதிலும் மிளகாயைப் போட்டுவிடுவார்கள், அதுதான் இங்கே உள்ள சிக்கல். முதலாளி காலையில் இருந்தால் கவலை இல்லை. கோதுமையைக் கொட்டும் முன் இரண்டு கை பச்சரிசியை ஓடவிடுவார். அது இளஞ்சிவப்பாக வெளியே வரும், அதைத் தனியே ஒதுக்கிவிடுவார். பிறகு இயந்திரத்தின் வாயில் கட்டியிருக்கும் நீளமான துணிப்பையை உதறி மறுபடி கட்டுவார். கோதுமை இறங்கத் தொடங்கியதும் ஒரு சிட்டிகை மாவை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்துப் பார்ப்பார். கரகரப்பு அதிகம் என்றால் பக்கத்துத் திருகை ஒரு நூல் முடுக்குவார். அந்த விரல் சோதனைக்காகவே நான் அவரிடம் போகிறேன். தோட்டத்தில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை பார்த்தவன் நான். தராசை நம்பாமல் விரலை நம்புகிறவரைப் பார்த்தால் முதலில் எரிச்சல்தான் வந்தது. இப்போது அந்த விரல் சொல்வதற்கு மறுபேச்சு பேசுவதில்லை.

பிற்பகலில் அவர் இருக்க மாட்டார், உதவியாள்தான் இருப்பார். அந்தத் தம்பிக்குப் பச்சரிசிச் சடங்கெல்லாம் கிடையாது. அவர் அரைத்துக் கொடுத்த மாவில் சுட்ட ரொட்டியைத் தேநீரில் நனைத்து ஒரு வாய் வைத்த என் மனைவி, “குழம்பு தனியாக வேண்டாம், ரொட்டியிலேயே இருக்கிறது” என்று தட்டை நகர்த்திவிட்டாள்.

மாவு வெளிவரும்போது சூடாக இருக்கும். அப்படியே பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துக் கட்டி பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவிட வேண்டும். தவிடும் முளையும் சேர்ந்தே அரைபடுவதால் இந்த மாவில் எண்ணெய்ச் சத்து இருக்கிறது. நம் ஊர் வெப்பத்தில் அலமாரியில் வைத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். குளிர்பெட்டிதான் அதற்கு இடம். வேண்டிய அளவுக்கு மட்டும் அரைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இனி ரொட்டி. ஈஸ்டை நான் விட்டதற்குக் காரணம் இந்த ஊர் வெயில். பிசைந்து வைத்த மாவு நம் வசதிக்குக் காத்திருக்காமல் பொங்கிப் புளித்துவிடுகிறது. ஈஸ்டுக்குப் பதில் ஆப்ப சோடா போட்டு எழுப்பும் சோடா ரொட்டிக்கு அந்தப் பாடு இல்லை. அயர்லாந்தில் 1830-களிலிருந்து சுடுகிறார்கள். அங்கே விளையும் கோதுமை மென்மையானது, பசைச்சத்து குறைவு, ஈஸ்ட் ரொட்டிக்குச் சரிவராது. மோரும் சோடாவும் அதற்குப் பொருந்தின.

அரைக் கிலோ மாவு, தேக்கரண்டி உப்பு, தலைதட்டிய ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா. சோடாவைச் சலித்துத்தான் சேர்க்க வேண்டும், கட்டி நின்றால் அந்த இடம் மஞ்சளாகிச் சவர்க்காரம்போல் கசக்கும். பிறகு புளித்த மோர். அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எடுத்துவைத்து, மாவு கேட்கிற அளவுக்கு ஊற்றுங்கள். மில் மாவு கடை மாவைவிட நிறையவே குடிக்கிறது. முந்தைய நாள் தோய்த்த தயிர் எங்கள் வீட்டில் மறுநாளே நன்றாகப் புளித்துவிடும், அதைக் கடைந்தால் போதும். புளிப்பு இல்லாத தயிரில் சோடாவுக்கு வேலை இல்லை, ரொட்டி எழும்பாது. ரப்பர் பாலில் அமிலம் ஊற்றி உறையவைப்பதைப் பல வருடம் பார்த்தவனுக்கு, இங்கே அமிலம் கெட்டிப்படுத்தாமல் காற்றை எழுப்புவது இன்றும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசையவே கூடாது. கையால் நாலு சுற்றுச் சுற்றி, உருட்டி, தட்டில் வைத்து, மேலே சிலுவைபோல் ஆழமாகக் கீறிவிடுங்கள், நடுப்பகுதி வேக அதுதான் வழி. மோர் பட்டதுமே சோடா வேலையைத் தொடங்கிவிடும் என்பதால் அடுப்பு முன்கூட்டியே 200 டிகிரி செல்சியசுக்குச் சூடாகியிருக்க வேண்டும். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். அடியைத் தட்டினால் ‘தொம்’ என்று வெற்றுச் சத்தம் வரவேண்டும்.

பேரங்காடியில் பொட்டலமாக விற்கும் ஆட்டா மாவிலும் இதே ரொட்டியைச் சுடுகிறேன். மோசம் என்று சொல்ல மாட்டேன். சீராக வரும், மென்மையாக இருக்கும், பேரப்பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் மில் மாவு ரொட்டியை வெட்டும்போது எழும் அந்த வறுத்த தானிய வாசனை அதில் இல்லை. மேலோடும் அவ்வளவு மொறுமொறுப்பாக வருவதில்லை. நெத்திலி சம்பலுக்கு மில் மாவு, காயா என்கிற தேங்காய்ப்பால் முட்டை ஜாமுக்குப் பொட்டல மாவு என்று எங்கள் வீட்டில் பங்கு பிரித்தாயிற்று. எதில் சுட்டாலும் மறுநாளே காய ஆரம்பிக்கும், பிறகு வாட்டித்தான் சாப்பிட வேண்டும்.

அரைக்கும் கூலி கிலோவுக்கு இரண்டு ரிங்கிட். மசாலாவுக்கும் இதற்கும் ஒரே விலை வாங்குவது கொஞ்சம் அநியாயம், மிளகாய் படுத்தும் பாட்டை கோதுமை படுத்துவதில்லை. இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் இயந்திரத்தை ஓட்ட மாட்டேன் என்கிறார்; தனிக்குடித்தனக்காரர்கள் பக்கத்து வீட்டோடு கூட்டுச் சேர வேண்டியதுதான். கோதுமை அங்கே கிடைக்காது, மளிகைக் கடையில் வாங்கி, கல் பொறுக்கிக் கொண்டுபோக வேண்டும். கழுவினால் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள், ஈரக் கோதுமையைத் தொடக்கூட மாட்டார்.

காலை பத்து மணிக்குள் போங்கள். மூடியுள்ள டின் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். “முதலில் அரிசி ஓட்டுங்கள், ஐயா” என்று நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், தீபாவளி மாதமாக இருந்தால் இரண்டு முறை.