மலையேறும் டாட்ஜுக்கு எந்த ஒயர்?

ஏற்காட்டில் மாமாவின் காபித் தோட்டத்து ஷெட்டில் நிற்கிற வண்டி டாட்ஜ் டபிள்யூ.சி.-51. இரண்டாம் உலகப் போர்க் காலத்து முக்கால் டன் ராணுவ வண்டி. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் இன்றைக்கும் சொன்ன பேச்சைக் கேட்கிறது. கேட்காதது ஒயரிங்தான். போன கார்த்திகையில் டேஷ்போர்டுக்குப் பின்னால் கையை விட்டேன். ஒயர் மேலிருந்த ரப்பர் பழைய முறுக்கு மாதிரி நொறுங்கி விரலோடு வந்தது; உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. மொத்தத்தையும் உருவிவிட்டுப் புதிதாக இழுப்பது என்று முடிவானது. எந்த ஒயரால் இழுப்பது என்பதில் மூன்று மாதம் போயிற்று.

நான் கேட்ட எல்லோரும் ஒயரின் மேல்தோலைப் பற்றியே பேசினார்கள். துணியா, பிளாஸ்டிக்கா, எத்தனை டிகிரி தாங்கும் என்று. இந்த வண்டிக்கு அது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, உள்ளே செம்பு எத்தனை எம்.எம். என்பது. (கடையில் எம்.எம். என்றால் செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில்.) ஏனென்றால் இது 6 வோல்ட் வண்டி.

45 வாட் ஹெட்லைட் இரண்டு எரிந்தால் 6 வோல்ட்டில் 15 ஆம்பியர் ஓடும். 12 வோல்ட் வண்டியில் அதே விளக்குக்கு ஏழரைதான். பேட்டரியில் கிளம்பி ஆம்பியர் மீட்டர், லைட் சுவிட்ச், காலால் மிதிக்கிற டிம்மர் எல்லாம் சுற்றி முன்விளக்குக்கு வருவதற்குள் எங்கள் வண்டியில் ஒயர் 5 மீட்டர் ஓடுகிறது. அதற்கு ஒன்றரை எம்.எம். போட்டால் வழியிலேயே 0.86 வோல்ட் கரைந்துவிடும். 12 வோல்ட் வண்டியில் 0.43 போயிருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. 6-ல் 0.86 என்பது ஏழில் ஒரு பங்கு. இழை பல்புக்கு வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் வெளிச்சம் தடாலென்று இறங்கும்; இந்தக் கணக்கில் மிஞ்சுவது ஏறக்குறைய அறுபது சதவீதம். சேலம் டவுனுக்குள் அதை வைத்து ஓட்டிவிடலாம். மூடுபனியில் 20 கொண்டை ஊசி வளைவை அதை நம்பி இறங்க மாட்டேன்.

நாலு எம்.எம். போட்டால் இழப்பு 0.32 வோல்ட்டுக்கு வருகிறது, ஆறு போட்டால் 0.22. அதனால் பேட்டரியிலிருந்து லைட் சுவிட்ச் வரை ஆறு, அங்கிருந்து முன்பக்கம் நாலு, பிரிந்த பிறகு விளக்குக்கு விளக்கு இரண்டரை என்று முடிவு செய்தேன். ‘12 வோல்ட்டுக்கு மாத்திட்டா இந்தத் தொல்லையே இல்லையே’ என்று சொல்பவர்கள் உண்டு. மாற்றினால் பல்பு, ஹாரன், டைனமோ, மீட்டர் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். அப்புறம் அது வேறு வண்டி.

சைஸ் முடிந்தது. இனி தோல்.

கொண்டலாம்பட்டிப் பக்கம் லாரிக்கு ஒயரிங் செய்கிற ஒரு அண்ணனிடம் போனேன். அவர் முதலில் கையில் எடுத்தது வீட்டு ஒயர். “1100 வோல்ட் தாங்குற ஒயருங்க தம்பி, உங்க 6 வோல்ட்டு தாங்காதா?” என்றார். வோல்ட் கணக்கில் அவர் சொன்னது சரி. ஆனால் ஒயரைச் சுடவைப்பது வோல்ட் இல்லை, ஆம்பியர். வீட்டு ஒயர் 70 டிகிரிக்குச் செய்தது. இன்ஜின் பக்கத்துச் சூடு, ஆயில், பெட்ரோல் எதற்கும் அந்தத் தோல் பழகியதில்லை. அதன் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. இப்போது வருகிற நல்ல வீட்டு ஒயரில் செம்பு மெல்லிய இழைகள்தான். ஒன்றரையில் 22 இழை, இரண்டரையில் 36, நாலில் 56, ஒவ்வொரு இழையும் 0.3 மில்லிமீட்டர் விட்டம். அளவில் ஏமாற்றம் குறைவு, எந்தத் தெருவிலும் கிடைக்கும், விலையும் குறைவு. கேபினுக்குள் ஒரு விளக்குக்கு அவசரத்துக்குப் போடலாம். பானட்டுக்குள் போடமாட்டேன். இழை தடித்த பழைய கம்பி ஒயர் வீட்டில் மீந்து கிடந்தால் அதைத் தொடவே வேண்டாம். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் முறிந்துவிடும்.

அடுத்து லாரி ஒயர், அதாவது வண்டிகளுக்கென்றே வரும் பி.வி.சி. ஒயர். இது ஐ.எஸ். 2465 தரத்தில் வருவது. கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் வாங்கியிருப்பேன், ஒரு கடையில் சுருளை அறுத்துப் பார்க்காமல் இருந்திருந்தால். ‘28 இழை, ரெண்டு எம்.எம்.’ என்று கொடுத்தார்கள். வெளியே பென்சில் கனம். தோலை உரித்து இழையை எண்ணினால் 28 சரியாக இருந்தது. மைக்ரோமீட்டரில் ஒரு இழையைப் பிடித்தேன்: 0.2. அப்படியென்றால் மொத்தச் செம்பு 0.88 எம்.எம்., கேட்டதில் பாதிகூட இல்லை. மீதி எல்லாம் பிளாஸ்டிக். பெயர் போடாத சுருள் வாங்குகிறவர்கள் இழையை எண்ணினால் மட்டும் போதாது, அளக்கவும் வேண்டும். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டியும் பாருங்கள்; வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். நல்ல லாரி ஒயர் என்றால் பின்விளக்கு, ஹாரன், டேஷ்போர்டு எல்லாவற்றுக்கும் தாராளமாகப் போதும்.

எக்ஸ்.எல்.பி.இ., அதாவது சூட்டில் உருகாதபடி குறுக்கே பிணைத்த பாலித்தீன் தோல் போட்ட ஒயர், இன்னொரு ரகம். தோல் 125 டிகிரி தாங்கும், அதே செம்புக்கு மெலிதாகவும் இருக்கும். பட்டறையில் சூடான சோல்டரிங் கம்பியை இரண்டு ஒயர் மேலும் வைத்துப் பார்த்தோம். பி.வி.சி. உடனே சுருங்கிப் பின்வாங்கிச் செம்பைக் காட்டியது. இது கொஞ்சம் கறுத்தது, அவ்வளவுதான். அண்ணன் எதுவும் பேசாமல் வீட்டு ஒயர்ச் சுருளை அலமாரியில் திரும்ப வைத்தார். குறை என்னவென்றால், இது சில்லறையாகக் கிடைப்பது கஷ்டம். வேண்டிய நிறத்தில் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். தோல் விறைப்பாக இருப்பதால் உரிக்கவும் நல்ல கருவி வேண்டும். எக்சாஸ்ட் ஓரமாகப் போகிற ஒயர், டைனமோவிலிருந்து கட்-அவுட்டுக்கு (இன்ஜின் நின்றால் பேட்டரி கரன்ட் டைனமோவுக்குத் திரும்பாமல் துண்டிக்கிற பெட்டி) போகிற ஒயர் ஆகியவற்றுக்கு இதைத் தவிர வேறு யோசிக்கவில்லை.

மாமாவுக்கு வேண்டியது துணி ஒயர். “மாப்ளே, பானட்டைத் தொறந்தா ராணுவ வண்டின்னு தெரியணும்டா” என்கிறார். வண்டியில் இருந்தது ரப்பர், அதன் மேல் பருத்திப் பின்னல், அதன் மேல் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு. பின்னலில் ஓடுகிற வண்ண நூலை வைத்துத்தான் எது எந்த ஒயர் என்று அடையாளம். இன்று பழைய வண்டிகளுக்கென்று விற்பதில் உள்ளே பி.வி.சி., மேலே வெறும் அலங்காரப் பின்னல். வெளிநாட்டிலிருந்து ரெடிமேட் கட்டாகவும் வருகிறது, பார்க்க அழகுதான். ஆனால் பருத்தி ஈரத்தைத் திரியாக உறிஞ்சும். சேர்வராயன் மலையில் மழைக்காலத்தில் போர்வையே காயாது. ஒயர் மேலே துணி கட்டினால் அந்த ஈரம் முனை வழியாக லக்குக்கு, அதாவது ஒயர் முனையில் மாட்டுகிற உலோகக் கொக்கிக்கு, போய்ச் சேரும். வண்டி கண்காட்சிக்கு மட்டும் போவதாக இருந்தால் துணிக்கே என் ஓட்டு. எங்கள் வண்டி இன்னமும் காபி மூட்டை ஏற்றுகிறது.

கடைசியில் மாமாவும் நானும் ஒத்துக்கொண்டது இது: பானட்டுக்குள் எக்ஸ்.எல்.பி.இ., கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் அதன் மேல் பருத்திச் சட்டை, அதன் இரண்டு முனையும் சுருங்கும் குழாயால் அடைத்து. சேசிஸ் ஓரமாகப் பின்னால் போவது லாரி ஒயர். படகுக்குப் போடுகிற வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரையும் பார்த்தேன். நல்ல பொருள்தான், ஆனால் முனையைச் சரியாக அடைத்தால் 1,500 மீட்டர் உயரத்து மூடுபனிக்கு அவ்வளவு தேவையில்லை. லக் எல்லாம் பஞ்ச் பண்ணியதுதான், அதாவது கருவியால் நசுக்கிப் பிடிக்கவைத்தது. சோல்டர் வைத்தால் அது இழைக்குள் ஏறி விறைத்து, விறைப்பு முடிகிற இடத்தில் ஒயர் ஒடியும். பழைய வண்டியில் இல்லாத ஃபியூஸ் பெட்டி ஒன்றை சீட்டுக்கு அடியில் மறைத்து வைத்தோம். மாமாவிடம் சொல்லவில்லை.

செல்ஃப் கேபிள் தனிக் கதை. 12 வோல்ட் காருக்கு விற்கிற ரெடிமேட் கேபிள் 6 வோல்ட் செல்ஃபுக்குப் போதவே போதாது. இன்ஜின் மெல்ல முனகும், அவ்வளவுதான். 70 எம்.எம். வெல்டிங் கேபிள் கேட்டேன். கடைப் பையன் தூக்கி வந்தது சந்தேகப்படும்படி லேசாக இருந்தது. அறுத்துப் பார்த்தால் அலுமினியம். இதே மலையின் பாக்சைட்தான் ஒரு காலத்தில் மேட்டூருக்கு இறங்கி அலுமினியமாக உருகியது; அதற்காக அதை வண்டியில் கட்ட முடியுமா? செம்பு வந்து சேர இன்னும் ஒரு வாரம் ஆனது. அதே கனத்தில் எர்த் கேபிளும் வாங்கி, சேசிஸில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு போல்ட்டை முடுக்கினேன். பித்தானை மிதித்தால் இப்போது இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொள்கிறது. பின்விளக்கு ஒயர் மட்டும் இன்னும் இழுக்கவில்லை.