25 நிமிட மணியா, 90 நிமிட அமர்வா, மணியே வேண்டாமா?

மொழிபெயர்ப்பில் ஒரு நல்ல காலை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூல வாக்கியத்தைப் படித்து முடிப்பதற்குள் தமிழ் வாக்கியம் வினைமுற்றோடு வந்து நிற்கும். விரல்கள் தம் பாட்டுக்குத் தட்டிக்கொண்டு போகும். டம்ளரைத் தொட்டால்தான் காபி ஆறிப்போனது தெரியும். இப்படி ஒரு காலை மாதத்துக்கு இரண்டு மூன்று வந்தாலே அதிகம். மற்ற நாட்களில் ஒரு பத்தி முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்திருப்பேன்.

போன மழைக்காலத்தில், அந்தக் காலைகள் தானாக வரட்டும் என்று காத்திருப்பதை விட்டேன். வேலை நேரத்தை வகுத்துக்கொள்ளப் பலரும் சொல்லும் மூன்று வழிகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் கொடுத்து, நோட்டில் குறித்துக்கொண்டே வந்தேன். எனக்கு வரும் வேலை பெரும்பாலும் மருத்துவ ஒப்புதல் படிவங்களும் பாடநூல் அத்தியாயங்களும்தான். எப்போதாவது ஒரு நாவல் வரும். இடையிடையே மெய்ப்பும் பார்ப்பேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவேன். வீட்டில்தான் வேலை, அதனால் வீட்டுச் சத்தமும் கூடவே இருக்கும்.

இந்த மாதிரி தன்னை மறந்து வேலையில் ஒன்றிப்போவதை நெடுங்காலம் ஆராய்ந்தவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. ஹங்கேரியக் குடும்பத்தில் 1934இல் பிறந்து, அமெரிக்கா போய், சிகாகோ பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். 2021இல் காலமானார். மலையேறுபவர்கள், சதுரங்க ஆட்டக்காரர்கள், அறுவை மருத்துவர்கள் என்று பலரையும் அவர் கேட்டபோது, தண்ணீர் இழுத்துக்கொண்டு போவது போல இருந்தது என்று பலர் சொன்னார்கள். அதிலிருந்துதான் ஃப்ளோ என்ற பெயர் வந்தது. நம்மிடம் லயிப்பு என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு அதுவே போதும்.

லயிப்பு வருவதற்கு அவர் முக்கியமாகச் சொன்னவை மூன்று. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா என்பது உடனே தெரிய வேண்டும். வேலையின் கடினமும் நம் திறமையும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். வேலை மிக எளிதானால் சலிப்பு, மிகக் கடினமானால் பதற்றம். இந்த மூன்றில் எதையும் ஒரு கடிகாரம் நமக்குத் தந்துவிடாது. வந்த லயிப்பு நிற்பதா கலைவதா என்பதில்தான் கடிகாரம் குறுக்கே வருகிறது. நான் ஒப்பிட்டுப் பார்த்ததும் அதைத்தான்.

தக்காளி மணி

பொமொடோரோ என்றால் இத்தாலிய மொழியில் தக்காளி. 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற கல்லூரி மாணவர், படிப்பில் மனம் நிற்காமல் தவித்தபோது, 10 நிமிடமாவது உருப்படியாகப் படிக்க முடிகிறதா பார்க்கலாம் என்று தக்காளி வடிவில் இருந்த சமையலறை மணிக்கடிகாரத்தைத் திருகி வைத்தார். முறை பிறந்தது அங்கேதான். இன்று பரவலாக உள்ள வடிவம் 25 நிமிட வேலை, 5 நிமிட ஓய்வு. நாலு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. விதியைச் சரியாகப் பின்பற்றினால், மணி அடித்ததும் நிறுத்தியே ஆக வேண்டும். இன்னும் இரண்டு வரிதான் பாக்கி என்றாலும் நிறுத்த வேண்டும்.

முதல் வாரம் இது எனக்கு வரப்பிரசாதமாக இருந்தது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு புள்ளியியல் அத்தியாயத்தை இதை வைத்துத்தான் தொடங்கினேன். 25 நிமிடம்தானே என்றதும் மனம் முரண்டு பிடிக்கவில்லை.

சிக்சென்ட்மிஹாயியும் இன்னொருவரும் 1989இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. வேலைக்குப் போகிறவர்களிடம் பேஜர் கொடுத்து, நாளில் பல முறை அது ஒலிக்கும்போதெல்லாம் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள், மனநிலை எப்படி என்று எழுதச் சொன்னார்கள். லயிப்பு நிலை ஓய்வு நேரத்தைவிட வேலை நேரத்தில்தான் கூடுதலாகப் பதிவானது. ஆனால் அதே வேலை நேரத்தில்தான், இப்போது வேறு ஏதாவது செய்துகொண்டிருக்கலாமே என்ற எண்ணமும் கூடுதலாக இருந்தது. உள்ளே போனால் பிடித்துப்போகிற வேலைக்கு வாசலில் மட்டும் இத்தனை தயக்கம். அந்த வாசலைத் தாண்ட வைப்பதில் தக்காளி மணிக்கு நிகராக எதையும் நான் பார்த்ததில்லை.

தாண்டிய பிறகுதான் சிக்கல். என் நோட்டைப் பார்த்தால், புதிதாக மொழிபெயர்க்கும்போது முதல் கால் மணி நேரம் கிட்டத்தட்ட எப்போதும் தடுமாற்றம். நேற்று எந்தச் சொல்லைப் பயன்படுத்தினேன், இந்த ஆசிரியர் எப்படி வாக்கியத்தை முடிப்பார் என்று பழையதைக் கிளறவே அந்த நேரம் போய்விடும். மிச்சம் 10 நிமிடம். கை ஓடத் தொடங்கும்போது மணி அடிக்கும். எழுந்து ஜன்னலோரம் நின்றால், பாதியில் விட்ட வாக்கியம் தலைக்குள் சுற்றும். ஓய்வும் ஓய்வாக இருக்காது. ஒரு வேலையிலிருந்து பாதியில் எழுந்து இன்னொன்றுக்குப் போகும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் 2009இல் எழுதினார். நான் அந்த ஐந்து நிமிடத்தில் குடத்தை நிரப்பவோ துணி மடிக்கவோ போய்விட்டால், திரும்பி வரும்போது துணியின் மிச்சம் மனதில் இருக்கும். இரண்டாவது வாரமே மணியை அணைத்துவிட்டு வேலை செய்யத் தொடங்கியிருந்தேன். அதை ஏமாற்று என்று நோட்டில் குறித்துமிருக்கிறேன்.

ஆனால் மெய்ப்புப் பார்க்கும் வேலையில் கதை தலைகீழ். இது நான் எதிர்பார்க்காத பாடம். மெய்ப்பில் லயித்துப் போனால் காரியம் கெட்டுவிடும். கதையோ கருத்தோ நம்மை இழுத்துக்கொண்டால், கண் எழுத்தைப் பார்க்காது. பொருளைப் பார்த்துக்கொண்டே போகும். ‘ஒற்று’ விட்டுப்போன இடத்தில் மனமே ஒற்றைப் போட்டுக்கொண்டு தாண்டிவிடும். மூன்று மணி நேரம் ஆசையாகப் படித்து முடித்த ஒரு நாவலில், மறுநாள் முதல் பக்கத்திலேயே இரண்டு பிழைகளைக் கண்டேன். 25 நிமிடத்துக்கு ஒரு தடவை மணி அடித்து வெளியே இழுத்துப் போட்டால், திரும்பி வரும் கண் அந்நியக் கண்ணாக வருகிறது. மெய்ப்புக்கு வேண்டியது அதுதான். அப்புறம் பில் போடுவது, மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது போன்ற சில்லறை வேலைகளுக்கும் தக்காளி மணியே சரி.

90 நிமிட அமர்வு

90 என்ற எண் தூக்கத்திலிருந்து வந்தது. சிகாகோவிலேயே தூக்கத்தை ஆராய்ந்த நத்தானியல் கிளைட்மன், இரவில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பும் சுழற்சி பகலில் விழித்திருக்கும்போதும் தொடர்கிறது என்று 1960களில் முன்வைத்தார். தூக்கத்தில் அந்தச் சுழற்சி இருப்பது உறுதி. விழிப்பில் இருப்பதற்கான சான்று அவ்வளவு வலுவானதில்லை. அதனால் உடம்பே 90 நிமிடம் கேட்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. ஆனாலும் இந்த அளவு வசதியானது. நுழைய 15 நிமிடம் போனாலும் 75 நிமிடம் கையில் இருக்கிறது.

புது மொழிபெயர்ப்புக்கு இந்த மூன்று வாரங்கள்தான் எனக்குச் சிறந்தவை. விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு வரை. அந்த நேரத்தில் பால்காரர் கூட வந்திருக்க மாட்டார். போன் அடுத்த அறையில் அலமாரிக்குள். எழுந்ததும் ஒரு காபி, அவ்வளவுதான். காஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால் இரண்டாவது டம்ளரால் அந்த அமர்வுக்குப் பெரிய லாபம் இல்லை.

ஆனால் நீண்ட அமர்வுக்கு ஒரு விலை உண்டு. தயார் செய்யாமல் உட்கார்ந்தால் 90 நிமிடமும் வீண். தக்காளி மணியில் ஒரு சுற்று வீணானால் 25 நிமிடம்தான் நட்டம். இதில் காலையே போய்விடும். முதல் வாரத்தில் இரண்டு நாள் அப்படிப் போனது. அகராதியைப் புரட்டியே நேரம் முடிந்தது. அதற்குப் பிறகு முதல் நாள் இரவே மறுநாள் பக்கங்களைப் படித்து, தெரியாத கலைச்சொற்களுக்குப் பட்டியல் போட்டுவிடத் தொடங்கினேன். கடினம் இறங்கி என் மட்டத்துக்கு வந்தது. ஒப்புதல் படிவங்களுக்கு இதற்கு நேர்மாறாகச் செய்தேன். அவை ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும், சலிப்புத் தட்டும். படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு வாசித்துக் காட்டினால் புரியுமா என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுப் படித்துத்தான் தாண்டுவேன் என்று வைத்துக்கொண்டேன். வேலை கொஞ்சம் கடினமானது, சலிப்பு போனது. வாய்விட்டுப் படிப்பதில் இன்னொரு நன்மை, வாக்கியம் நொண்டினால் காது உடனே சொல்லிவிடும். உடனுக்குடன் தெரிய வேண்டும் என்று மேலே சொன்னது இதுதான்.

மூன்று வழிகளிலும் எனக்கு அதிகம் பலன் தந்தது இந்த இரவு நேரத் தயாரிப்பு. தக்காளி மணியோடு இதைச் சேர்த்தபோது கூட நுழையும் நேரம் குறைந்தது.

மணியே இல்லாமல்

மூன்றாவது வழியில் தொடங்கிய நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு உட்கார வேண்டும். களைப்பு வரும்போது எழுந்து, அந்த நேரத்தையும் குறித்து, உழைத்ததற்கு ஏற்றபடி ஓய்வெடுக்க வேண்டும். காகிதத்தில் பார்த்தால் லயிப்புக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. யாரும் நடுவில் கலைக்கப்போவதில்லை.

எனக்கு இது ஒத்துவரவில்லை. லயித்திருப்பவருக்கு நேரம் தெரியாது, களைப்பும் தெரியாது. உடம்பு சொல்லும்போது நிறுத்தலாம் என்றால், அந்த நேரத்தில் உடம்பின் குரல் காதில் விழுவதே இல்லை. ஒரு நாள் நாவலின் ஒரு அத்தியாயத்தில் மூன்றரை மணி நேரம் எழாமல் இருந்துவிட்டேன். பக்கங்கள் நன்றாகத்தான் வந்தன. மாலை வரை கழுத்தைத் திருப்ப முடியவில்லை, அடுத்த இரண்டு நாள் வேலையும் போனது. அதற்கு நேரெதிராக, மனம் ஒட்டாத நாட்களில் பத்தாவது நிமிடமே களைத்துவிட்டது போலத் தோன்றி எழுந்துவிடுவேன். கேட்க மணியும் இல்லை. உடம்பு வலுவாக உள்ள இளைஞர்களுக்கோ, வேறு யாராவது வந்து சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வீட்டில் இருப்பவர்களுக்கோ இது சரிப்படலாம். என் வீட்டில் அடுப்பும் என் பொறுப்பு. “ஏம்மா, அஞ்சு விசில் வந்துடுச்சே, அணைக்கலையா?” என்று அத்தை உள்ளே இருந்து குரல் கொடுத்த நாளோடு இதை நிறுத்திக்கொண்டேன்.

காதுக்கு என்ன

எந்த வழியானாலும் சத்தத்தைப் பற்றி முடிவெடுத்தே ஆக வேண்டும். பேச்சுதான் மோசமான எதிரி. 1976இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையில், ஜெர்மன் தெரியாதவர்களுக்கு ஜெர்மன் உரையை ஓடவிட்டு, பார்த்த எழுத்துகளை வரிசையாக நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஒரு சொல்லும் புரியாதபோதும் தவறுகள் கூடின. பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் இந்தித் தொடர் ஓடினாலும் எனக்கு ஏன் வேலை ஓடவில்லை என்பது இதைப் படித்த பிறகுதான் விளங்கியது. இதே காரணத்தால் திரைப்பாடலையும் விட்டேன். எவ்வளவு பிடித்த பாட்டோ அவ்வளவு கெடுதல். வரி வரியாக வாய் கூடவே முணுமுணுக்கும், தமிழ் வாக்கியத்துக்குள் பாட்டின் சொல் வந்து உட்காரும்.

முழு அமைதி விடியற்காலையில் கிடைக்கும். ஏழு மணிக்கு மேல் கிடைக்காது. பகலில் எனக்குத் துணை தம்புரா. நாலு தந்தியின் நாதம், மாறாமல் திரும்பத் திரும்ப அதே வட்டம். அடுத்து என்ன வரும் என்று காது காத்திருக்கத் தேவையில்லாததால் அது தன் வேலையை விட்டுவிடுகிறது என்று நினைக்கிறேன். மழைச் சத்தமும் ஏறக்குறைய இதையே செய்கிறது. ஆனால் நிஜமாக மழை பெய்தால் மாடியில் துணி கிடக்கிறதே என்று எழுந்துவிடுவேன் என்பதால் என் மனம் தம்புராவிடம்தான்.

இப்போதைய ஏற்பாடு இதுதான். புது மொழிபெயர்ப்பு என்றால் விடியற்காலை ஒரே ஒரு 90 நிமிடம். இரண்டாவது அமர்வு எனக்கு ஒருபோதும் முதலாவதின் தரத்துக்கு வந்ததில்லை, அதனால் வைப்பதில்லை. பதினோரு மணிக்கு மேல் மெய்ப்பு, தக்காளி மணியோடு, தம்புராவோடு. தொடங்கப் பிடிக்காத வேலை வந்தால் முதல் நாள் மட்டும் அதையும் தக்காளி மணியில் போட்டு, மறுநாள் விடியற்காலைக்கு மாற்றிவிடுவேன். குழந்தை சின்னதாக இருக்கும் வீட்டில் 90 நிமிடம் நடக்காது. அவர்களுக்கு 25 நிமிடச் சுற்றைத்தான் சொல்வேன், கூடவே மணி அடித்தாலும் கை ஓடினால் அந்தப் பத்தி முடியும் வரை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்வேன். சிரில்லோவின் விதிக்கு அது விரோதம்தான், ஆனால் மொழிபெயர்ப்புக்கு உகந்தது.

90 நிமிடம் முடியும்போது ஒரு வாக்கியத்தை வேண்டுமென்றே வினைமுற்றுக்கு முன்னால் நிறுத்திவிடுகிறேன். எழுவாய் இருக்கும், செயப்படுபொருள் இருக்கும், வினை மறுநாளுக்கு. நாலரை மணிக்கு உட்கார்ந்ததும் முதலில் தட்டுவது அந்த ஒரு சொல். கால் மணி நேரத் தடுமாற்றம் இப்போது ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது.