விஎம் சிபியுவைத் தின்னும்போது: விர்ச்சுவல்பாக்ஸா, பிராக்ஸ்மாக்ஸா?

மன்னார்குடிப் பக்கம் ஓர் அரிசி ஆலை அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். எடைமேடை சாஃப்ட்வேர் பழைய விண்டோஸ் 7-இல்தான் ஓடும், டேலி கணக்கு சாஃப்ட்வேருக்குத் தனியாக ஒரு விண்டோஸ் 10, வருகைப்பதிவுக்கு ஒரு லினக்ஸ். மூன்றும் ஒரே கம்ப்யூட்டர் பெட்டியில் விஎம்களாக (விர்ச்சுவல் மெஷின், அதாவது கம்ப்யூட்டருக்குள் ஓடும் கம்ப்யூட்டர்) ஓடுகின்றன. அவற்றை ஓட்டும் சாஃப்ட்வேர் முன்பு விர்ச்சுவல்பாக்ஸ், இப்போது பிராக்ஸ்மாக்ஸ். இரண்டிலும் சிபியு எகிறிப் பார்த்தாயிற்று. என் சாய்வு பிராக்ஸ்மாக்ஸ் பக்கம்தான்.

விலையைப் பற்றிப் பேச அதிகமில்லை, இரண்டையும் காசில்லாமல் போடலாம் (விர்ச்சுவல்பாக்ஸின் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் தொகுப்பை மட்டும் அலுவலகத்தில் பயன்படுத்த லைசென்ஸ் வாங்க வேண்டும்). விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிற விண்டோஸ் மேலேயே உட்காரும். பிராக்ஸ்மாக்ஸுக்குப் பெட்டியையே கொடுத்துவிட வேண்டும், வழக்கமாக வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரிலிருந்துதான் அதை நிர்வகிப்போம்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒன்றுதான்: சிபியு ஏறும்போது யார் தின்கிறார்கள் என்று கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகிறது? குறுவை அறுவடை சமயத்தில் எடைமேடை முன்னால் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த நேரத்தில் ஊகம் செய்துகொண்டிருக்க முடியாது.

விர்ச்சுவல்பாக்ஸில் முதலில் பார்க்க வேண்டியது விஎம் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் இருக்கும் பச்சை ஆமைப் படம். ஆமை தெரிந்தால், விண்டோஸிலேயே இருக்கும் விஎம் ஓட்டும் வசதியான ஹைப்பர்-வி ஏற்கெனவே பிராசஸரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போகிறது என்று அர்த்தம். விண்டோஸ் பாதுகாப்பு அமைப்பில் கோர் ஐசொலேஷன் பகுதிக்குள் மெமரி இன்டக்ரிட்டியை அணைத்து, ஹைப்பர்-வியையும் நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும், ஆனால் அதற்காக ஒரு பாதுகாப்பு வசதியை விட்டுக்கொடுக்கிறோம். அடுத்தது கோர் (பிராசஸருக்குள் இருக்கும் தனித்தனி வேலை அலகு) எண்ணிக்கை: நிஜ கோர்களைவிட அதிகமாக விஎம்முக்குக் கொடுக்கக் கூடாது, ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்த்ரெடிங்கில் கூடுதலாகத் தெரிபவை கணக்கில் சேராது. இதெல்லாம் பார்த்த பிறகும் ஏறினால், ஹோஸ்டின் (விஎம்களைத் தாங்கும் நிஜ கம்ப்யூட்டரின்) டாஸ்க் மேனேஜரில் விர்ச்சுவல்பாக்ஸ்விஎம் என்று ஒரே ஒரு எண்தான் நிற்கும். உள்ளே ஓடும் வேலையா, டிஸ்க்கா, திரையா என்று அது பிரித்துச் சொல்லாது.

பிராக்ஸ்மாக்ஸ் அடியில் இருப்பது விஎம்களை ஓட்டும் கேவிஎம், 2007-இல் வந்த 2.6.20 முதல் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே இருப்பது. அதில் ஒவ்வொரு விஎம்மும் சாதாரண பிராசஸ், ஒவ்வொரு விர்ச்சுவல் சிபியுவும் அதற்குள் ஒரு த்ரெட் (தனியாக ஓடும் ஒரு வேலை இழை). எது எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் 'டாப்' கட்டளையை ஓட்டிப் பெரிய H எழுத்தை அழுத்தினால் த்ரெட் த்ரெட்டாகப் பிரிந்து நிற்கும். சிபியு த்ரெட்கள் ஏறினால் முதல் சந்தேகம் கெஸ்டுக்குள் (விஎம்முக்குள்) ஓடும் வேலை மேல். மற்ற த்ரெட்கள் ஏறினால் டிஸ்க்கையும் நெட்வொர்க்கையும் பார்க்க வேண்டும். லினக்ஸ் கெஸ்டுக்குள் அதே டாப்பில் எஸ்டி (st, சிபியு கிடைக்காமல் காத்திருந்த நேரம்) என்ற எண் கூடினால் பெரும்பாலும் அந்த விஎம் மேல் குற்றமில்லை. தலைமடையிலேயே தண்ணீர் தீர்ந்து கடைமடை காய்வதுபோல, பக்கத்து விஎம்கள் எடுத்துக்கொண்டதால் இது காத்துக்கிடக்கிறது.

எடைமேடை விஎம் இப்படித்தான் பிடிபட்டது. நான்கு விர்ச்சுவல் சிபியு கொடுத்திருந்தோம். லாரி மேடையில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் பயன்பாடு ஆணி அடித்ததுபோல் 25 சதவீதம். நான்கில் ஒன்று முழுதாக ஓடுகிறது, அதாவது சாஃப்ட்வேர் சீரியல் போர்ட்டை ஓயாமல் "எடை வந்ததா, வந்ததா" என்று கேட்டுக்கொண்டே சுற்றுகிறது. சிபியுவைக் குறைத்து வரம்பும் போட்டோம், எடை வருவதில் தாமதம் தெரியவில்லை. வரம்பு போடும் வசதி விர்ச்சுவல்பாக்ஸிலும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

டேலி விஎம் சும்மா இருக்கும்போதே சிபியு தின்றால் பிராக்ஸ்மாக்ஸில் அந்த விஎம்முக்குக் கொடுத்திருக்கும் ஓஎஸ் வகையைப் பாருங்கள். லினக்ஸ் என்றோ அதர் என்றோ இருந்தால் விண்டோஸுக்கு உதவும் ஹைப்பர்-வி சலுகைகள் (கேவிஎம் ஹைப்பர்-விபோல நடந்து கொடுப்பவை) கிடைக்காது, டைமர் வேலையிலேயே சிபியு போகும். டிஸ்க் பழைய ஐடிஇ முறையில் இருந்தால் விஎம்களுக்கென்றே உள்ள விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள், ஆனால் டிரைவரை முதலில் போட்டுவிட்டு மாற்றுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் பூட் ஆகாது. சிபியு வகை பழைய கேவிஎம்64 ஆக இருந்தால் பிராசஸரே என்க்ரிப்ஷன் செய்யும் ஏஇஎஸ் வசதி உள்ளே தெரியாது, என்க்ரிப்ஷன் முழுவதும் சாஃப்ட்வேரில் நடக்கும். பெட்டி ஒன்றுதான் என்றால் 'ஹோஸ்ட்' என்று வைத்துவிடலாம்.

சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் பிராசஸர் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதே வேலைக்குச் சதவீதம் கூடுதலாகக் காட்டும். அதற்கு எந்த சாஃப்ட்வேரும் மருந்தில்லை, ஃபேனைத் துடைக்க வேண்டும். நெல் தூசி பறக்கும் இடத்தில் அடிக்கடி.

ஹைப்பர்-வியை நான் குறைவாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன், அதனால் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும்: ஹோஸ்டின் டாஸ்க் மேனேஜர் கெஸ்டுகளின் சிபியுவைச் சரியாகக் காட்டாது, பர்ஃபார்மன்ஸ் மானிட்டரில் ஹைப்பர்-வி கவுன்டர்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே லேப்டாப்பில் ஒரே ஒரு விஎம், அதே விண்டோஸில் மற்ற வேலையும் இருக்கிறது என்றால் விர்ச்சுவல்பாக்ஸிலேயே இருங்கள். ஆமையைப் பாருங்கள், கோரைக் குறையுங்கள், போதும். இரண்டாவது விஎம் வந்து, அதை நம்பி வெளியே ஆட்கள் காத்திருக்கும் நிலை வந்தால் தனிப்பெட்டி வாங்கி பிராக்ஸ்மாக்ஸ் போடுங்கள்.