ஜிப்லைன் பெயரில் போன 42,600 ரூபாய்: க்ரூஸ் கிளம்பும் நம்ம ஊர்க்காரர்களுக்கு

நாற்பத்திரண்டாயிரத்து அறுநூறு ரூபாய். ஆறு பேருக்கு, தலைக்கு 7,100. சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பும் க்ரூஸ் கப்பலுக்குக் கொடுத்தது வேறு. இது புக்கெட்டில் இறங்கும் நாளில் காட்டுக்குள் ஜிப்லைன் (உயரத்தில் கட்டிய கம்பியில் தொங்கிக்கொண்டு வழுக்கிப் போவது) என்று சொல்லி, ராமநாதபுரத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஒருவர் தனியாக வாங்கியது. கப்பலைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த 42,600தான் தொண்டையில் நிற்கிறது.

பெயரைப் போடவில்லை. போட்டால் அவதூறு வழக்கு என்று அதற்கும் ஒரு செலவு வைப்பார். ஆனால் கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடி, தொண்டிப் பக்கமிருந்து அரையாண்டு லீவுக்கும் முழு ஆண்டு லீவுக்கும் வாப்பா உம்மாவைக் கூட்டிக்கொண்டு கப்பலேறுகிறவர்கள் இப்போது நிறைய. அவர்கள் கண்ணில் இது பட வேண்டும். என்னென்ன பார்த்து புக் செய்யவேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

இவர் முன்பின் தெரியாத ஆளில்லை. என் லாத்தாவையும் (அக்கா) மச்சானையும் மக்காவுக்கு உம்ரா அனுப்பியவர். அந்த நம்பிக்கையில்தான் அவர் கடைக்குப் போனோம். டீ வாங்கிக் கொடுத்தார். உம்மாவுக்கு ஃபேன் பக்கம் நாற்காலி போட்டார். செல்போனை எடுத்து ஒரு வீடியோ காட்டினார். அதில் ஒரு அம்மா, எங்கள் உம்மா வயசுதான் இருக்கும், இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்தபடி மலையிலிருந்து கடலைப் பார்த்து வழுக்கிக்கொண்டு போகிறார். கீழே கப்பல் நிற்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

உம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "படி ஏறணுமா தம்பி? எனக்கு முட்டி வலி."

"ஒரு படி இல்ல மாமி. வேன் மேல வரைக்கும் போயிரும். உக்காந்தா போதும், கம்பி இழுத்துக்கிட்டுப் போயிரும்."

வாப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருப்பதை நான் சொன்னேன். "அதெல்லாம் அங்க கேக்க மாட்டாங்க காக்கா (அண்ணன்). நம்ம ஆளுங்க எத்தனை பேரை அனுப்பியிருக்கேன், யோசிக்காதீய" என்றார். அங்கேயே உட்கார்ந்து ஜிபேயில் 42,600 அனுப்பினேன். கப்பல்காரர்களே நடத்தும் டூர் என்றும் சொன்னார். கையில் ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தார். அந்த வவுச்சருக்கு இரண்டாவது பக்கம் ஒன்று இருந்தது. அதைப் புக்கெட்டில் போய்த்தான் பார்த்தேன்.

முதல் இடி கப்பலிலேயே விழுந்தது. கரைச் சுற்றுலாவுக்கு என்று கப்பலில் ஒரு கவுண்டர் உண்டு. வவுச்சரைக் காட்டினால், "இது எங்களுடையது இல்லை, வெளி ஆள் நடத்துவது" என்றார் அந்தப் பெண். அவர்கள் பட்டியலிலும் ஒரு ஜிப்லைன் இருந்தது. ஒவ்வொரு டூருக்குப் பக்கத்திலும் லேசானது, நடுத்தரம், கடினம் என்று குறி போட்டிருக்கிறார்கள். ஜிப்லைனுக்குக் கடினம் என்ற குறி. முட்டி வலி, முதுகு வலி, இதயக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் வேண்டாம் என்று அதன் அடியிலேயே எழுதியிருந்தது. அப்போதே வயிற்றைக் கலக்கியது. அங்கிருந்தே டிராவல்ஸ்காரருக்கு வாட்ஸ்அப் போட்டேன். "போய்ப் பாருங்க காக்கா, சூப்பரா இருக்கும்" என்று பதில், கூடவே ஒரு கட்டைவிரல்.

புக்கெட்டில் கப்பல் கரையை ஒட்டி நிற்கவில்லை. பாதோங் கடலில் நங்கூரம் போட்டுவிட்டு, டெண்டர் என்ற சின்னப் படகில் ஆட்களைக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு ஒரு வரிசை, கரையில் வேனுக்கு ஒரு வரிசை. காட்டுக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். மரநிழல் இருந்தும் காற்றில்லை. கடற்காற்றிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு அந்தப் புழுக்கம் தாங்காது.

இறங்கியதும் எடை மிஷினில் ஏற்றினார்கள். ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். இதய நோய் உண்டா, அறுவை சிகிச்சை நடந்ததா என்று வரிசையாகக் கேள்வி. வாப்பா பொய் எழுத மாட்டார். ஸ்டென்ட் என்று பார்த்ததுமே அவரை ஒதுக்கி உட்காரவைத்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரி, நான் குறை சொல்லமாட்டேன். உம்மா படிக்கட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டார். மரத்தைச் சுற்றிச் சுற்றி மேலே போகும் மரப்படிகள் அவை. வேன் கடைசிவரை போகும் என்றாரே, அந்த வேன் அலுவலக வாசலோடு நின்றுவிட்டது.

என் மனைவி பர்தாவில் வந்திருந்தார். ஹார்னஸ் என்பது இடுப்பில் ஒரு பெல்ட், இரண்டு தொடைகளையும் தனித்தனியாகச் சுற்றும் இரண்டு வார்கள். அதை நீள அங்கியின் மேல் போட முடியாது. பர்தாவைக் கழற்றிவிட்டு சல்வாரோடு வரச் சொன்னார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவர் மாட்டேன் என்றுவிட்டார். வருஷம் முழுக்க நம் பெண்களை உம்ராவுக்கு அனுப்பிச் சம்பாதிக்கும் மனிதருக்கு, இந்த ஒரு வார்த்தையை முன்கூட்டிச் சொல்லத் தெரியாதா?

ஆக, ஆறில் மூன்று பேர் கவுண்டரோடு சரி. 21,300 அங்கேயே போனது. மீதி மூன்று பேர் நானும், என் மகளும், கல்லூரியில் படிக்கும் லாத்தா மகனும். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

கம்பியில் பறப்பது சிரமமே இல்லை, அது சில விநாடிகள். இந்த வகை டூரில் உடம்பை முறிப்பது மற்ற எல்லாமும்தான். செருப்புக்கு அனுமதியில்லை, ஷூ வாடகைக்கு எடுத்தோம். ஹார்னஸ், கொக்கிகள், உருளை, ஹெல்மெட் என்று சில கிலோவை மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு வழுக்கிப் போனால் அங்கே மறுபடியும் ஏற்றம். இடையில் ஆடும் பாலங்கள். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இடைவெளி விட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள், ஒவ்வொரு அடிக்கும் தொடை இறுகுகிறது. மரத்தைச் சுற்றிப் போட்ட சின்னத் தட்டில் கொக்கியோடு நின்றுகொண்டு முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். உட்கார இடம் கிடையாது. அடுத்த மரத்துத் தட்டை நெருங்கும்போது கால்களை மடக்கித் தூக்கவேண்டும். வயிற்றில் பலம் இல்லாவிட்டால் அதுவும் வராது. கடைசியில் மரத்திலிருந்து கயிற்றில் கட்டிக் கீழே இறக்கினார்கள்.

கனமானவர்களுக்குத்தான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். லாத்தா மகன் நோஞ்சான். எடை குறைந்தால் வேகமும் குறைந்து, அடுத்த மரம் சேர்வதற்கு முன்பே நின்றுபோவோம். அவன் அப்படித்தான் நடுவானத்தில் நின்றான். திரும்பி, கம்பியை ஒரு கை மாற்றி ஒரு கையாகப் பிடித்து, தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகச் சொல்லிக் கைடு கத்தினார். கிளவுஸ் போட்டிருந்தும் உள்ளங்கை கன்றிப்போனது. மகளின் எடையும் போதாததால் ஒரு கைடோடு சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். மூன்றாவது மரத்தில் அழ ஆரம்பித்தாள். திரும்பிவிடலாமா என்று கேட்டால், பாதி வழியில் ஒரே ஒரு இடத்தில்தான் இறங்க முடியுமாம். அதுவரை போயே ஆகவேண்டும்.

இதில் கப்பல் பயணிக்கு மட்டும் உரிய கஷ்டம் ஒன்று உண்டு. இரண்டு ராத்திரி அரைத் தூக்கம், மூன்று வேளையும் பஃபே, லிஃப்டில் ஏறி லிஃப்டில் இறங்கிய உடம்பு. அதைக் கொண்டுபோய் அந்தப் படிகளில் விட்டால் என்ன ஆகும்? சங்கு குளித்த ஊர் என்று பேர்தான். நம் கரையில் ஏறிப் பழகுவதற்கு ஒரு மேடு உண்டா? ராமேஸ்வரத்தில் பர்வதம் என்று பேர் வைத்திருப்பதே ஒரு மணல்மேட்டுக்கு. மறுநாள் தொழுகையில் எனக்கு ஸஜ்தாவிலிருந்து எழுந்திருக்கவே தொடை நடுங்கியது.

அப்புறம், அது கப்பல் டூர் இல்லையே. கப்பல் நடத்தும் டூர் தாமதமானால் நமக்காகக் காத்திருப்பார்கள். வெளி டூரில் போனால் காத்திருக்க மாட்டார்கள். கடைசி டெண்டரைப் பிடிக்க வாப்பாவை வெயிலில் வேகமாக நடக்கவைத்தோம். அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை பதறுகிறது.

லாத்தா மகன் கப்பலில் உட்கார்ந்து, கடையில் காட்டிய அந்த வீடியோவைத் தேடிப் பிடித்தான். தாய்லாந்தே இல்லை, அலாஸ்காவில் ஹூனா என்ற ஊர். அங்கே அவர்களே மலைமேல் ஏற்றிவிடுகிறார்கள். இருக்கை போன்ற ஹார்னஸில் உட்கார்ந்து, ஒரே கம்பியில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வழுக்கிக் கீழே வருவதோடு சரி. ஏறுகிற வேலை நமக்கு இல்லை. மரத்துக்கு மரம் போகும் டூர் வேறு சாதி. 1970களில் கோஸ்டா ரிக்காவில் உயிரியல் ஆய்வாளர்கள் மழைக்காட்டு மர உச்சிகளை ஆராய்வதற்குக் கயிறு கட்டிப் போனார்களே, அதன் வழியில் வந்தது. இரண்டுக்கும் பேர் ஜிப்லைன் என்பதால், ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்றிருக்கிறார்.

ஊருக்கு வந்ததும் கடைக்குப் போனேன். "சார் மதுரை போயிருக்கார்." மறுபடி போனேன். "மீட்டிங்கில் இருக்கார்." போனில் பிடித்தபோது, "காக்கா, நீங்க அங்க ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுட்டீங்களே" என்றார். பிறகு, "வாப்பா வயசை நீங்க சொல்லலையே." ஆறு பாஸ்போர்ட் நகலும் அவர் மேஜையில் கிடந்தன, பிறந்த தேதி அதில் இல்லாமலா இருக்கும்? அடுத்து, "பணம் தாய்லாந்து பார்ட்டிக்குப் போயிடுச்சு, அவன் தந்தால் தர்றேன்." அங்கே கவுண்டரில் நேராக டிக்கெட் எடுத்தவர்கள் கொடுத்தது நாங்கள் கொடுத்ததில் பாதிக்கும் கீழே. மீதி எந்தப் பார்ட்டிக்குப் போனது என்று கேட்டேன். போன் கட் ஆகிவிட்டது.

கடைசியாக வந்த வாட்ஸ்அப் இது: "அடுத்த உம்ரா பேக்கேஜில் கழித்துக்கொள்ளலாம்." அல்லாஹ்வுடைய வீட்டுக்குப் போகிற பயணத்தில் இந்த 42,600ஐக் கழிப்பாராம். அதற்குப் பிறகு என் மெசேஜ்களுக்கு நீலக் குறி மட்டும்தான் வருகிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். "உக்காந்தா போதும்" என்று யார் சொன்னாலும், எத்தனை படி, எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வவுச்சரில் எல்லாப் பக்கமும் கேளுங்கள். எடை வரம்பு மேலே மட்டுமில்லை, கீழேயும் உண்டு. பெண்கள் பேண்ட்டோ சல்வாரோ போடாமல் ஹார்னஸ் மாட்ட முடியாது. ஸ்டென்ட், பிரஷர், முட்டி, முதுகு என்று ஏதாவது இருந்தால் கப்பல் கவுண்டரில் நேராகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். கப்பல் நடத்தும் டூரா என்று கப்பலுக்கே மெயில் போட்டு உறுதி செய்யுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசிப் புகார் பதிந்தாகிவிட்டது. பணம் வராவிட்டால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். 5 லட்சம் வரையான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. அலாஸ்கா வீடியோவைக் காட்டி உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால் ஜிபே ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள், எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சேர்ந்தே மனு போடலாம்.