ஐஎன்ஆர் ரத்த டெஸ்ட் பாக்க இந்த தக்கலை லேப்புக்கு நம்பி போகலாம், படி மட்டும் பாத்து ஏறுங்க

எங்கம்மைக்கு திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில வச்சு இதய வால்வு மாத்துனது. சித்ரா வால்வு தான், அவங்களே உண்டாக்கி 1990ல முதல் ஆளுக்கு வச்சது, ராத்திரி பக்கத்துல படுத்தா டிக் டிக்னு கேக்கும். அதுல ரத்தம் கட்டாம இருக்க ஆயுசு முழுக்க அசிட்ரோம் மாத்திரை, அடிக்கடி பிடி ஐஎன்ஆர் பாக்கணும் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகுதுன்னு காட்டுற டெஸ்ட், நம்பர் கூடுனா உறைய லேட்டாவுதுன்னு அர்த்தம்), அம்மைக்கு டாக்டர் சொன்ன கணக்கு 2.5லேருந்து 3.5. ஒவ்வொரு தடவையும் களியக்காவிளை தாண்டி போக முடியாதுல்லா, அதான் தக்கலை பக்கமே பாக்குறோம்.

முதல்ல வேற ஒரு லேப், பேரு வேண்டாம். நரம்பு கிடைக்கலன்னு நீல மூடி டியூப்ல பாதி ரத்தத்தோட மூடி கொண்டு போயிட்டான். ரிசல்ட் 5.8! வீட்டுல எல்லாருக்கும் கை கால் ஓடல. டாக்டருக்கு போன் போட்டா, ஈறுல ரத்தம் வருதா, வெளிக்கு கருப்பா போவுதான்னு கேட்டாவ, ஒண்ணும் இல்ல, அப்ப உடனே வேற எடத்துல இன்னொருக்கா எடுங்கன்னாவ. அப்படி வந்தது தான் இந்த லேப். இங்க 2.9. ரத்தம் எடுக்குற பிள்ள டியூப்ப வெளிச்சத்துல தூக்கி கோடு வரைக்கும் வந்துருக்கான்னு பாத்துட்டு தான் மூடுனா. உள்ள இருக்கது சிட்ரேட்டாம், ஒம்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு, ரத்தம் குறைஞ்சா சிட்ரேட் கூடி உறைய நேரமாகும், ஐஎன்ஆர் சும்மாவே ஏறி காட்டும்னு சொன்னா.

கீரை சாப்பிட்டீங்களான்னு கூட லேப்ல கேப்பாவ, அதுல உள்ள வைட்டமின் கே மாத்திரையோட வேலைய குறைச்சிரும். ஒருக்கா முருங்கை மரம் காத்துல சாஞ்சு நாலஞ்சு நாளு முருங்கையிலை துவரன் தான், அந்த தடவை 1.8. கீரைய விட வேண்டாம், எப்பவும் ஒரே அளவா சாப்பிடுங்கன்னு டாக்டர் சொன்னாவ.

ஆனா நான் இத எழுதுறது தங்கச்சி விசயத்துக்காக. பிரசவம் கழிஞ்சு அவளுக்கு இடது கால் வீங்கி ரத்தக்கட்டி, அவளும் அசிட்ரோம் தான். பரம்பரையா இருக்கும், ரத்தம் கட்டாம பாத்துக்குற புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ் குறைவான்னு பாருங்கன்னு சொந்தக்காரங்க யாரோ சொல்ல ரூபாயோட போயிட்டோம். லேப்காரர் "அண்ணே, தங்கச்சி மாத்திரை சாப்பிடுதா? அப்ப இப்ப எடுக்காதீங்க"ன்னுட்டாரு. இந்த ரெண்டும் வைட்டமின் கே இருந்தா தான் ஒழுங்கா உண்டாகுமாம், மாத்திரை அத தடுக்குறதால குறைவா தான் காட்டும், இல்லாத பரம்பரை நோய் இருக்குன்னு ஆயிரும். நீங்களா மாத்திரைய நிறுத்திராதீங்க, எப்ப எடுக்கணும்னு டாக்டர்ட்ட கேட்டுட்டு வாங்கன்னு திருப்பி அனுப்புனாரு. வெளிய அனுப்பி பாக்குற டெஸ்ட், ஆயிரக்கணக்குல பில்லு, கையில வந்தத வேண்டாம்னாரு பாருங்க.

குறை இல்லாம இல்ல. மாடியில இருக்கு, கைப்பிடி ஒரு பக்கம் தான், அம்மைக்கு முட்டு வலி. ரிப்போர்ட் ரெண்டு மணிக்கு வாட்ஸப்ல வரும்பாவ, அஞ்சாயிரும். ஞாயித்துக்கிழமை பூட்டு. நாலு ஸ்டார். போறவங்க மாத்திரை அட்டைய கையில கொண்டு போங்க, எத்தனை மில்லிகிராம்னு கண்டிப்பா கேப்பாவ.