இரண்டு ரூட் பகுதிகள், ஒரே பூட்லோடர்: ஒரு லினக்ஸ் பலகையின் புதுப்பிப்பும் மீட்பும்

விலை குறைந்திருக்கும் இந்தச் சிறு லினக்ஸ் பலகையை, ஆள் எளிதில் போய்வர முடியாத இடத்தில் பொருத்தி வலைவழியாகவே ஃபர்ம்வேரைப் புதுப்பித்துக்கொண்டிருக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். புதுப்பிப்பின் நடுவே மின்சாரம் நின்றுபோய் உயிரற்றுக் கிடந்த ஒரு பலகையை அப்போதுதான் மீட்டு முடித்திருந்தேன். ஆகவே பதிலில் சற்றுக் காரம் கூடியிருக்கலாம். செயலியின் வேகம், நினைவகத்தின் அளவு, எத்தனை யூ.எஸ்.பி. வாய்கள் என்பவையெல்லாம் வாங்க நினைப்பவர்களுக்கு ஏற்கனவே தெரிந்தவை. அவற்றில் எனக்குக் குறையும் இல்லை. தயாரிப்பாளரின் பெயரை எழுதவில்லை, ஏனெனில் இங்கே சொல்லப்போகும் பழக்கம் அவருக்கு மட்டும் உரியதன்று.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். பலகையின் நிரந்தரச் சேமிப்பான ஈ.எம்.எம்.சி. நினைவகத்தில், ஒவ்வொன்றும் இயங்குதளத்தின் ஒரு பிரதியைத் தாங்கும் ஏ, பி என்று இரண்டு ரூட் பகுதிகள் இருக்கின்றன. ஏ ஓடிக்கொண்டிருக்கும்போது புதிய கெர்னலும் (இயங்குதளத்தின் மையக்கருவும்) கோப்பமைப்பும் பி-யில் எழுதப்படுகின்றன. எழுதி முடிந்த பிறகுதான் அடுத்த முறை பி-யிலிருந்து துவங்கும்படி, இயங்குதளத்தை ஏற்றித் துவக்கும் பூட்லோடரான யூ-பூட்டின் சூழல் மாறி (அதன் அமைப்புக் குறிப்பு) மாற்றப்படுகிறது. புதுப்பிப்புத் தொகுப்பு கையொப்பமிடப்பட்டது. கையொப்பம் சரியில்லாத தொகுப்பை இது தொடுவதே இல்லை. யூ-பூட்டின் சூழலும் இரண்டு பிரதிகளாக, ஒவ்வொன்றும் தனக்கென ஒரு சி.ஆர்.சி. சரிபார்ப்புத் தொகையுடன் இருப்பதால், ஒன்றை எழுதும்போது மின்சாரம் போனாலும் மற்றது பிழைத்திருக்கும். இந்த ஏற்பாடு உண்மையாகவே வேலை செய்கிறது. வேண்டுமென்றே துவங்காத கெர்னல் ஒன்றைக் கட்டி அனுப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு துவக்கத்திலும் யூ-பூட் தன் துவக்க எண்ணிக்கையை ஒன்று கூட்டியது. கெர்னல் பாதியில் நின்றபோதெல்லாம் வாட்ச்டாக் என்னும் காவல் கடிகாரம் பலகையை மறுதொடக்கம் செய்தது. எண்ணிக்கை வரம்பைத் தாண்டியதும் மாற்றுத் துவக்கக் கட்டளை இயங்கிப் பழைய பகுதிக்கே திரும்பிவிட்டது. யாரும் பலகையின் அருகே போகவேண்டியிருக்கவில்லை. இந்த விலைக்கு இதை எதிர்பார்த்திருக்கவே மாட்டேன்.

இவ்வளவு கவனமாக அமைத்தவர்கள்தாம், ஒவ்வொரு புதுப்பிப்பின் முடிவிலும் பூட்லோடரை மீண்டும் எழுதுகிறார்கள். அதில் ஓர் எழுத்துகூட மாறாமல் இருந்தாலும் எழுதுகிறார்கள். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் பிரதியின் மேலேயே, வேறு பிரதி எதுவும் இல்லாத இடத்தில். வீட்டுக்குள் இரண்டு அறைகளைக் கட்டி வைத்துவிட்டு, ஒவ்வொரு விருந்தாளி வரும்போதும் இருக்கும் ஒரே வாசற்படியை இடித்துக் கட்டுவதைப் போன்ற செயல் இது. இத்தனை காலப் பயன்பாட்டில் என் எரிச்சல் வேறெதன் மீதும் இவ்வளவு நிலைத்து நின்றதில்லை.

எழுதும் நேரம் மிகக் குறைவுதானே, அந்த ஓரிரு நொடிகளில் மின்சாரம் போவதற்கு எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு பலகைக்கு வாய்ப்பு குறைவுதான். ஆனால் பலகைகள் பல இருந்து, ஒவ்வொன்றுக்கும் புதுப்பிப்புகள் தொடர்ந்து வந்துகொண்டிருந்தால், அந்த ஓரிரு நொடிகள் ஒன்றாகக் கூடுகின்றன. அப்படி நேரும்போது கிடைக்கும் விளைவுதான் மோசமானது. அதற்கு இந்தச் சில்லு துவங்கும் முறையைக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது சில்லின் உள்ளேயே பதிக்கப்பட்ட, யாராலும் அழிக்க முடியாத பூட்ராம் (boot ROM) என்னும் நிரல். அது ஈ.எம்.எம்.சி.யில் குறித்த இடத்தில் ஒரு தலைப்பைத் தேடும். தலைப்பு சரியாக இருந்தால் அதை அடுத்துள்ள எஸ்.பி.எல். என்னும் முதற்கட்டத் துவக்கியைச் சில்லின் உள்நினைவகத்தில் ஏற்றி அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். எஸ்.பி.எல். வெளியே உள்ள டிராம் (DRAM) என்னும் முதன்மை நினைவகத்தை அமைத்து, முழு யூ-பூட்டை அதில் ஏற்றும். பூட்ராமுக்குத் தலைப்பு கிடைக்கவே இல்லையென்றால், யூ.எஸ்.பி. வழியாகக் கணினியிலிருந்து துவக்கியைப் பெற்றுக்கொள்ளக் காத்திருக்கும். ஆல்வின்னர் சில்லுகளில் இதை ஃபெல் என்றும், ராக்சிப் சில்லுகளில் மாஸ்க்ராம் என்றும், என்.எக்ஸ்.பி.யின் ஐ.எம்.எக்ஸ். வரிசையில் சீரியல் டவுன்லோடர் என்றும் சொல்வார்கள். பெயர் எதுவாயினும், பூட்ராமை அழிக்க முடியாது என்பதால் இத்தகைய பலகையை மென்பொருள் தவறால் முற்றாகக் கொல்வது மிகக் கடினம்.

இதிலிருந்து ஒரு விந்தை பிறக்கிறது. பூட்லோடர் முழுவதும் அழிந்துபோன பலகை தானாகவே யூ.எஸ்.பி. மீட்புக்கு வந்து நிற்கும்; கம்பியைச் செருகினால் கணினி கண்டுகொள்ளும். பாதி எழுதப்பட்ட பலகையோ அப்படி நிற்காது. இந்தப் பலகையின் புதுப்பிப்புக் கட்டளைக்கோப்பு பூட்லோடரைத் தலையிலிருந்து வாலை நோக்கி எழுதுகிறது. நடுவில் மின்சாரம் நின்றால், தலைப்பும் எஸ்.பி.எல்.லும் புதியவையாகவும் யூ-பூட்டின் பின்பாதி பழையதாகவும் எஞ்சும். பூட்ராம் தலைப்பைப் பார்த்து எல்லாம் நலம் என்று எண்ணி எஸ்.பி.எல்.லிடம் ஒப்படைத்துவிடுகிறது. எஸ்.பி.எல். யூ-பூட்டின் சரிபார்ப்புத் தொகை பொருந்தவில்லை என்று கண்டு, பலகையை மறுதொடக்கம் செய்யுங்கள் என்று, பலகையின் செய்திகளைத் தனிக் கம்பி வழியே காட்டும் சீரியல் கன்சோலில் ஒரு வரி அச்சிட்டுவிட்டு நின்றுவிடுகிறது. மறுதொடக்கம் செய்தாலும் அதே வரிதான். பின்வாங்க இருந்த ஒரே வழியைப் பூட்ராம் ஏற்கனவே கடந்துவிட்டது. இன்னொரு ரூட் பகுதி நலமாக இருந்தும் பயனில்லை; அதுவரை போய்ச் சேர யாரும் உயிரோடு இல்லை.

இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. முதலில் தலைப்பு இருக்கும் துண்டை அழித்துவிட்டு, உடலை எழுதி, கடைசியாகத் தலைப்பை எழுதினால், எந்த நொடியில் மின்சாரம் நின்றாலும் ஒன்று பூட்லோடர் முழுதாக இருக்கும், அல்லது பூட்ராம் யூ.எஸ்.பி.க்குத் திரும்பும். இதற்குக் கூடுதலாக வேண்டியது கட்டளைக்கோப்பில் இரண்டு வரிகள்.

அப்படி நின்றுபோன பலகையை மீட்பதற்கு, ஈ.எம்.எம்.சி.யைப் படிக்கவிடாமல் பூட்ராமைக் கட்டாயமாக யூ.எஸ்.பி. பக்கம் திருப்பவேண்டும். பிற பலகைகள் சிலவற்றில் இதற்கு ஒரு பொத்தானோ சிறு சுவிட்சோ இருக்கும். இதில் பலகையின் அடிப்பக்கத்தில், வெப்பத்தகட்டைப் பிடித்திருக்கும் திருகின் அருகே இரண்டு சிறிய செப்புப் புள்ளிகள் மட்டுமே இருக்கின்றன. அவற்றை இடுக்கியால் இணைத்துப் பிடித்தபடி மின்சாரம் கொடுத்து, கணினி சாதனத்தைக் கண்டுகொண்டதும் விடவேண்டும். பெட்டிக்குள் பொருத்தியிருந்தால் முழுவதையும் கழற்றாமல் இது முடியாது. ஒரு பொத்தானை மிச்சப்படுத்திய புண்ணியவான் யாரென்று தெரிந்துகொள்ள இன்றும் ஆவலாக இருக்கிறது.

ஆனால் அந்தப் புள்ளிகளைத் தொட்டுவிட்ட பிறகு நடப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருகிறது. யூ.எஸ்.பி. வழியாக எஸ்.பி.எல்.லும் யூ-பூட்டும் நேராக டிராமில் ஏறி ஓடத் தொடங்குகின்றன. ஈ.எம்.எம்.சி.யில் ஒரு பைட்டுகூட இன்னும் மாறவில்லை. அங்கிருந்து யூ-பூட்டின் யூ.எம்.எஸ். கட்டளையை இட்டால், பலகையின் ஈ.எம்.எம்.சி. சாதாரண யூ.எஸ்.பி. வட்டாகக் கணினியில் தோன்றும். சேதமடைந்த நிலையை முதலில் அப்படியே நகலெடுத்து வைத்துக்கொண்டு, என்ன போயிற்று என்று பொறுமையாகப் பார்த்து, பிறகு எழுதலாம். எழுதியது தவறாகப் போனாலும், அடுத்த முறையும் அதே வேலையைச் செய்யத் தயாராகப் பூட்ராம் நிற்கும். இறந்துவிட்டதாக எண்ணிய பலகையின் தரவுகளை ஒன்று குறையாமல் எடுக்க முடிந்ததும் இப்படித்தான்.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லவேண்டும். யூ.எஸ்.பி. கம்பி தரவு செல்லும் கம்பியாக இருக்கவேண்டும். மின்னேற்றத்துக்கு மட்டுமே ஆன கம்பிகள் ஏராளமாக உலவுகின்றன, அவற்றை வைத்துக்கொண்டு பூட்ராமைச் சந்தேகிப்பதில் பொருளில்லை. சீரியல் கன்சோலுக்கு 3.3 வோல்ட் அடாப்டரையே பயன்படுத்தவேண்டும். 5 வோல்ட் கொடுத்தால், அழிக்கவே முடியாத பூட்ராமைச் சுமக்கும் சில்லே எரிந்துபோகலாம். கன்சோல் இல்லாமலேயே மீட்க முயல்பவர்கள் உண்டு. எஸ்.பி.எல். சொல்லும் அந்த ஒரு வரியைப் பார்க்காமல், பழுது பூட்லோடரிலா கெர்னலிலா மின்வழங்கியிலா என்று ஊகித்துக்கொண்டிருப்பது நேர விரயம். அதே சமயம், யூ.எஸ்.பி. இருக்கும்போது கோப்புகளைச் சீரியல் வழியே ஏற்ற முயலவேண்டாம். 115200 பாட் வேகத்தில் ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்களையும் சேர்த்துப் பத்து பிட்கள் ஆவதால் நொடிக்கு 11,520 பைட்டுகளுக்கு மேல் போகாது. 8 எம்.பி. கோப்புக்கே 12 நிமிடங்களுக்கு மேல் ஆகும், 512 எம்.பி. ரூட் கோப்பமைப்பை அனுப்ப நினைத்தால் ஏறக்குறைய 13 மணி நேரம் காத்திருக்கவேண்டும்.

மீண்டும் என் எரிச்சலுக்கே வருகிறேன், ஏனெனில் இதற்கான தீர்வு அந்தப் பலகையிலேயே வெறுமையாகக் கிடக்கிறது. ஈ.எம்.எம்.சி. நினைவகங்களில் பயனருக்குரிய பகுதியைத் தவிர, துவக்கத்துக்கென்றே பூட்0, பூட்1 என்று இரண்டு தனி வன்பொருள் பகுதிகள் இருக்கின்றன. இரண்டில் எதிலிருந்து துவங்கவேண்டும் என்பதை நினைவகத்தின் ஒரே ஒரு பதிவேடு தீர்மானிக்கிறது. இந்தப் பலகையின் பூட்ராம் அந்தப் பதிவேட்டை மதித்தே துவங்குகிறது. எனவே பூட்0-விலிருந்து ஓடும்போது பூட்1-இல் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்த்து, அதன் பிறகு பதிவேட்டை மாற்றினால் போதும். பிழையான நொடி என்று ஒன்று இருக்காது. வேறு யாரும் எண்ணிப் பார்க்காத யோசனையும் அன்று இது. ராக் (RAUC) என்னும் புதுப்பிப்புக் கருவியில் இதற்கென்றே தனி வகை ஒன்று உண்டு. தயாரிப்பாளரோ பூட்0-வை மட்டும் பயன்படுத்துகிறார். பூட்1 தொடக்கம் முதல் முடிவு வரை சுழியங்களாகவே கிடந்தது.

என் பலகைகளில் கட்டளைக்கோப்பை நானே மாற்றி வைத்திருக்கிறேன். அது முதலில், ஏற்கனவே இருக்கும் பூட்லோடரின் ஹாஷையும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணையும்) புதியதன் ஹாஷையும் ஒப்பிடுகிறது. ஒன்றாக இருந்தால் எழுதுவதே இல்லை. பெரும்பாலான புதுப்பிப்புகளில் வேலை இங்கேயே முடிந்துவிடுகிறது. வேறாக இருந்தால், கெர்னல் இயல்பாகப் படிக்க மட்டும் திறந்து வைத்திருக்கும் பூட்1-இன் பூட்டை நீக்கி, எழுதி, மீண்டும் பூட்டுகிறது. எழுதியதைச் சரிபார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும்: எழுதிய உடனே திரும்பப் படித்தால் கெர்னல் தன் தற்காலிக நினைவகத்திலிருந்தே பதில் தந்துவிடும், ஈ.எம்.எம்.சி.யில் என்ன பதிந்தது என்பது தெரியாது. எனவே எழுத்தைக் கட்டாயமாக வட்டில் இறக்கி, அந்தத் தற்காலிக நினைவகத்தைக் காலி செய்துவிட்டுப் படிக்கவேண்டும். இதற்குப் பிறகு, எழுதும் நடுவில் மின்சாரத்தைத் துண்டித்துத் துண்டித்துப் பார்த்தும் பலகை ஒருமுறைகூட நின்றதில்லை.

சின்னக் குறைகள் வேறு சில. பலகை எழுந்துவிட்டது என்று துவக்க எண்ணிக்கையைச் சுழியமாக்கும் சேவை, வலை இணைப்பு கிடைக்கும் முன்பே அதைச் செய்துவிடுகிறது. வலையே எழாத ஒரு புதுப்பிப்பை இது வெற்றி என்று கணக்கில் எழுதிக்கொள்ளும். தொலைவில் இருப்பவருக்கு அது இறந்த பலகைதான். அந்தச் சேவையை வலைக்குப் பின் ஓடும்படி மாற்றுவது எளிது. பாதுகாப்பான துவக்கத்துக்கான உருகிகளை (சில்லில் ஒருமுறை மட்டுமே மாற்றக்கூடிய பிட்களை) எரிக்க நினைப்பவர்கள் ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும்: எரித்த பின் யூ.எஸ்.பி. வழி ஏற்றும் துவக்கியும் அதே சாவியால் கையொப்பமிடப்பட்டிருக்கவேண்டும். சாவி தொலைந்தால், மேலே நான் மகிழ்ந்து எழுதிய மீட்பு எதுவும் நடக்காது.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். தானாகப் பின்வாங்கும் இரட்டைப் பகுதிகளும், சாகாத பூட்ராமும், டிராமிலிருந்து ஓடும் மீட்பும் உள்ள பலகைக்கு இப்படிச் சொல்வது நியாயமன்று என்று அவர் வாதிடலாம். என் மேசை மேல் இருக்கும் பலகைக்கு நான் ஐந்துக்கு நான்கு தருவேன். கம்பத்தின் மேல் ஏறப்போகும் அதே பலகைக்கு ஐந்துக்கு ஒன்றுதான். கட்டளைக்கோப்பைத் திருத்தத் தெரிந்தவர் என்றால் வாங்கலாமே என்று கேட்டால், தெரியும்தான், ஆனால் அந்த வேலைக்கான கூலியை விலையில் யார் குறைத்தார்கள்? என்னிடம் இருப்பவற்றை மாற்றப்போவதில்லை, அவை இப்போது நான் எழுதிய கோப்பின் கீழ் நன்றாகவே ஓடுகின்றன. திருத்தத்தைத் தயாரிப்பாளருக்கும் அனுப்பினேன். அடுத்த வெளியீட்டில் பார்ப்பதாக மரியாதையான பதில் வந்தது. அடுத்த வெளியீடும் வந்துவிட்டது. குறிப்பில் துவக்கத்தின் நம்பகத்தன்மை மேம்படுத்தப்பட்டதாக எழுதியிருந்தார்கள். தொகுப்பைப் பிரித்துப் பார்த்தேன். பூட்0-வில் தலையிலிருந்து எழுதும் அந்த வரி அதே இடத்தில் இருக்கிறது.